பந்துக்கு அடியில் இருந்த கைகள்

தோழிகளே, பள்ளி மலருக்காக நீங்கள் எழுதிச் சேர்த்த பக்கங்களை என் மருமகள் நேற்று எனக்குப் படித்துக் காட்டினாள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதியவள் நன்றாகவே எழுதியிருக்கிறாள்; சோற்றில் கிடந்த புழுவின் நீளத்தைத்தான் கொஞ்சம் இழுத்துவிட்டாள். பிரார்த்தனைக் கூட்டத்தில் தூங்கி விழுந்தது நான் என்று ஒருத்தி எழுதியிருக்கிறாள். அது அவளேதான். இந்த வயதில் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டேன்.

பிறகு டீச்சரைப் பற்றிய பக்கம் வந்தது. "எங்களுக்குப் பூகோளமும் பாஸ்கட் பாலும் சொல்லிக்கொடுத்தவர். தங்கமானவர். சுண்ணாம்பு விஷயத்தில் காட்டிய ஒரு அசட்டையால் பள்ளியை விட்டுப் போகவேண்டியதாயிற்று" என்று மருமகள் படித்தாள். அங்கேயே நிறுத்தச் சொன்னேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அந்த வரி அச்சேறக் கூடாது. ஏன் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதவைக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள், எழுத்துப் பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள். அந்தப் பக்கத்தோடு நம் குழுப் படத்தையும் போடப் போகிறீர்களாம். அந்தப் படத்தில் நான் ஒருத்தி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ்காரி மாதிரி நிற்பதை வைத்து, கூடும்போதெல்லாம் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதற்கும் பதில் இதிலேயே வரும்.

நாம் நாலாம் பாரம் படித்த வருஷம் அது. டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடும் கழுத்தில் ஒரு ஊதலோடும் வந்து இறங்கினார். "என்ன பிள்ளே", "அங்கன போ", "இங்கன வா" என்று அவர் பேசியதைக் கேட்டு நாம் ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் பதிலுக்கு நம் "இன்னா"வைப் பிடித்துக்கொண்டார். யாராவது "இன்னா டீச்சர்?" என்று கேட்டால், "இன்னாவுக்கு இன்னா பதில் வேணும் உனக்கு?" என்பார். உயரம் கம்மி, குரல் ஜாஸ்தி. பாலாற்று மணலில் நின்று ஊதினால் அக்கரையில் மாடு மேய்க்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

விளையாட்டு மைதானத்தை அவர் பூகோளப் படமாகவே பார்த்தார். அந்தக் காலத்தில் பெண்களுக்கு பாஸ்கட் பால் விதி வேறு, ஞாபகம் இருக்கிறதா? மைதானத்தைக் குறுக்கே மூன்று பாகமாகப் பிரித்துக் கோடு போடுவார்கள். எறிகிறவள் முன் பாகத்தில், தடுக்கிறவள் பின் பாகத்தில், நடுவில் நிற்கிறவள் நடுவில். யாரும் தன் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓடினால் பெண்களின் உடம்பு கெட்டுவிடும் என்று எவரோ பெரிய மனிதர்கள் முடிவு செய்திருந்தார்கள். காலையில் நாலு குடம் தண்ணீர் தூக்கிவிட்டுப் பள்ளிக்கு வந்த நம்மிடம் அவர்கள் கேட்கவில்லை. டீச்சர் அந்தக் கோடுகளுக்குக் கடக ரேகை, மகர ரேகை என்று பெயர் வைத்தார். எவளாவது தாண்டினால், "கப்பல் தரைதட்டிட்டு பிள்ளே, பந்தை அவங்ககிட்ட குடு" என்று ஊதுவார். எனக்கு இன்றைக்கும் உலகப் படத்தில் கடக ரேகையைப் பார்த்தால் உள்ளங்கால் கூசும்.

கோடு போடுகிற வேலை என்னுடையது. அடியில் ஆணியால் ஓட்டை போட்ட ஒரு தகர டப்பா. அதில் கரைத்த சுண்ணாம்பை ஊற்றி, கயிறு கட்டிய நேருக்கு நடந்துகொண்டே போகவேண்டும். நின்றால் பொட்டு விழும், ஓடினால் கோடு அறும். என் கோடு நூல் பிடித்தது போல இருக்கும் என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்ன நாளில், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன்.

மைதானத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தது. அது யாருக்காக என்று உங்களுக்குத் தெரியும். என் தோஸ்துக்காக. தோல் பதனிடும் டேனரி முதலாளியின் மகள், நம்மோடு படித்தவள். கோஷா வீட்டுப் பெண், வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாது. திரை போட்ட மாட்டு வண்டியில் வருவாள், அதே வண்டியில் போவாள். பெரிய பெண்ணாகியும் அவளைப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்று அவள் அப்பாவைச் சொந்தக்காரர்களே ஏசினார்கள். அவர் பாஸ்கட் பாலுக்கும் சம்மதித்தார் என்றால், அதற்கு டீச்சர் நேரில் போய்ப் பேசியதுதான் காரணம். "ஆள் உயரத்துக்கு மேல தட்டி. வாட்ச்மேன்கூட வெளியதான் நிப்பார். பந்துச் சத்தத்தைத் தவிர ஒண்ணும் வெளிய வராது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தட்டியை நாமும் டீச்சரும்தான் கட்டினோம். கீற்று முடைய வராத டீச்சர், கையெல்லாம் கீறிக்கொண்டு, "எங்க ஊருல பனைதாம்ளா" என்று சாக்குச் சொன்னார்.

தோஸ்துக்கு வீட்டில் ஜரிகை வைத்த செருப்பு இருந்தது. மைதானத்துக்கு வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். அது டீச்சரின் விதி. ஊர் முழுக்கத் தோல் காய்ந்தது, நம்மில் முக்கால்வாசிப் பேர் காலில் செருப்பில்லை. "ஆட்டத்துல செருப்புப் போட்ட ஜாதி, போடாத ஜாதின்னு ரெண்டு வேண்டாம்" என்றார் டீச்சர். முதல் வாரம் தோஸ்த் நெருப்பில் நடப்பவள் போல நடந்தாள். அப்புறம் பழகிக்கொண்டாள். நடுப் பாகத்தில் கோட்டின்மேல் கால்விரலை ஒட்டவைத்துக்கொண்டு, பந்துக்காக அவள் காத்து நிற்பது எனக்கு அப்படியே தெரிகிறது. சின்னக் கால்கள். வெளுத்த, மெத்தென்ற கால்கள்.

என் கால் அப்படியல்ல. என் நைனா அவள் அப்பாவின் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பொறுப்பாளி. பச்சைத் தோல் முதலில் வருவது அங்கேதான். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறினால் முடி கழன்றுவரும். நைனாவுக்குக் கையிலும் காலிலும் வெடிப்பு இல்லாத இடம் கிடையாது. டேனரிக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் எல்லா அப்பாக்களுக்கும் அப்படித்தான். தலையில் நரை வருவது மாதிரி அது ஒரு விஷயம், யாரும் அதைக் காயம் என்று சொன்னதில்லை. நான் சொல்லப்போகும் தப்பை வேறு ஊர்ப் பெண் செய்திருக்கமாட்டாள். சுண்ணாம்பைப் பார்த்துப் பயப்படத் தெரியாமல் வளர்ந்தவள் நான்.

அந்த வருஷம் டேனரியில் ஒரு தொட்டியில் மட்டும் சுண்ணாம்போடு புதிதாக ஒரு மருந்து கலக்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு வாரம் ஆகிற வேலை இரண்டு நாளில் ஆகிவிடும். அந்தத் தொட்டிப் பக்கம் வெளி ஆள் யாரும் வரக்கூடாது, வந்தால் தொட்டிப் பொறுப்பாளிக்குச் சீட்டுக் கிழியும் என்பது முதலாளி உத்தரவு. நைனா இதை வீட்டில் சொன்னபோது நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

ஒரு சனிக்கிழமை வேலூரிலிருந்து ஒரு பள்ளிக் குழு நம்மோடு ஆட வருவதாக இருந்தது. நம்மோடு ஆட வெளியூர்க் குழு வருவது அதுதான் முதல் தடவை. வெள்ளி இரவு பெய்த மழையில் கோடெல்லாம் கரைந்துபோனது. பள்ளியில் இருந்த சுண்ணாம்பும் தீர்ந்திருந்தது. காலையில் டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளையடிக்கிறவர் வீட்டுல போய் நான் கேட்டேன்னு ஒரு சட்டி சுண்ணாம்பு வாங்கிட்டு வா பிள்ளே. பத்து மணிக்குள்ள கோடு விழணும்."

போனேன். அவர் வீடு பூட்டியிருந்தது. ஏதோ கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்க வாணியம்பாடி போய்ட்டார் என்றார்கள். திரும்பிப்போய் டீச்சரிடம் அதைச் சொல்லியிருக்கவேண்டும். அரை நிமிஷ வேலை. ஆனால் கொடுத்த வேலையை முடிக்காமல் வெறுங்கையோடு போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. நைனாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிற நேரமும் ஆகியிருந்தது. வீட்டுக்குப் போய்க் கஞ்சிக் கலயத்தை எடுத்துக்கொண்டு டேனரிக்குப் போனேன்.

நைனா கிணற்றுப் பக்கம் இருந்தார். கஞ்சியை அவருடைய தூக்கில் ஊற்றி மூடிவைத்துவிட்டு, காலிக் கலயத்தோடு தொட்டிகளைப் பார்த்தேன். கடைசித் தொட்டியின் ஓரத்தில் சுண்ணாம்பு வழித்துப் போட்டிருந்தார்கள். மற்றதைவிட வெளுப்பாக, வெண்ணெய் மாதிரி இருந்தது. இதில் கோடு போட்டால் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் அள்ளிக் கலயத்தை நிரப்பினேன். யாரும் பார்க்கவில்லை.

பள்ளிக்கு வந்தபோது டீச்சர் வாசலில் வேலூர்க் குழுவை வரவேற்றுக்கொண்டிருந்தார். கலயத்தைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் போய்க் கரைத்தேன், ஊற்றினேன், நடந்தேன். அவ்வளவு வெளுப்பான கோடு அந்த மைதானத்தில் அதற்கு முன் விழுந்ததில்லை.

வேலூர்ப் பெண்கள் கான்வாஸ் ஷூ போட்டிருந்தார்கள். மைதானத்துக்குள் வந்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்தார்கள். "அழுகின முட்டை நாத்தம்" என்று ஒருத்தி சொன்னதும் நமக்கு எப்படிக் கோபம் வந்தது! நம் ஊரையே சொல்கிறாள் என்று நினைத்தோம். நம் மூக்குக்குத்தான் எந்த நாற்றமும் ஏறாதே. அன்றைக்கு அந்தப் பெண்ணின் மூக்கை நாம் நம்பியிருந்தால் எல்லாமே வேறாகியிருக்கும்.

ஆட்டத்தை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசிப் பந்தை நான் தடுத்துத் தோஸ்திடம் எறிந்தேன். அவள் கோட்டின்மேல் நின்று வாங்கி முன்னால் எறிந்தாள், முன் பாகத்துக்காரி அதை வளையத்துக்குள் போட்டாள். நாமெல்லாம் கத்தினோம். அவள் கத்தவில்லை. மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பாதி ஆட்டத்திலிருந்தே அவள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தது எதனால் என்று.

"முன்னமே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"சொன்னா டீச்சர் நிறுத்திடுவாங்க தோஸ்த்" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

விரலிடுக்கில் ஒட்டிய மணலைத் தட்டினாள். மணலோடு தோலும் வந்தது. அதற்குமேல் நான் சொல்லமாட்டேன், நீங்களும் பார்த்தீர்கள். உங்களில் நாலைந்து பேருக்கும் கொப்பளம் வந்தது, ஆறிவிட்டது. அவள் ஆட்டம் முழுக்கக் கோட்டிலேயே நின்றவள். டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். திரை வண்டி வந்தது. அவள் வண்டிக்குள் போகிறபோது எனக்குக் கையை ஆட்டினாள். ஜரிகைச் செருப்பு மைதானத்துக்கு வெளியே கிடந்தது, அதை யாரும் எடுக்கவில்லை.

எல்லாரும் போனபிறகு கிணற்றடியில் நான் தனியாகக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். விரல் நுனியெல்லாம் சிவந்து எரிந்தது. பின்னால் டீச்சர் வந்து நின்றது தெரியாது. என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"எங்கருந்து எடுத்த பிள்ளே?"

சொன்னேன். பூட்டிய வீடு, கஞ்சிக் கலயம், கடைசித் தொட்டி, எல்லாம்.

"அப்பா எந்தத் தொட்டியில வேலை?"

"அதே தொட்டிதான் டீச்சர். நைனாவுக்குத் தெரியாது. யாரும் வரக்கூடாதுன்னு மொதலாளி சொல்லிக்கீறார். தெரிஞ்சா வேலய வுட்டு அனுப்பிடுவாங்க. வூடும் அவங்களோடதுதான்."

டீச்சர் கிணற்றுப் பக்கம் திரும்பினார். "நான் கேட்டிருக்கணும்" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. தேங்காயெண்ணெய் கொண்டுவந்து என் விரல்களில் தடவினார். "வீட்டுக்குப் போ" என்றார். தட்டி மூலையில் திரும்பிப் பார்த்தேன். டீச்சர் மைதானத்தில் மண்டியிட்டு, கோடுகளை மண்ணோடு சேர்த்துக் கையால் வழித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கால் அதன்மேல் படக்கூடாது என்று அவசரம். மூன்று பாகமாக இருந்த மைதானம் ஒன்றாக ஆகிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டு நாளும் எனக்கு ஒரே யோசனைதான். டீச்சருக்குத் தெரியும். கேட்டால் சொல்லாமல் என்ன செய்வார்? நைனாவின் வேலை, வீடு, என் படிப்பு, எல்லாம் அவர் வாயில் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து ஹைஸ்கூலுக்குப் போன முதல் பெண் நான்.

திங்கட்கிழமை விசாரணை. நம்மையெல்லாம் ஆபீஸ் முன்னால் வரிசையாக நிற்கவைத்தார்கள். வெள்ளைக்காரத் தலைமை ஆசிரியை துரைசானி அம்மா நாற்காலியில். முதலாளி உட்காரவில்லை. கோபத்தில் கத்துவார் என்று நினைத்தோம், அவர் அழுது முடித்த முகத்தோடு வந்திருந்தார். கைக்குட்டையில் கொஞ்சம் மண் முடிந்து வைத்திருந்தார். அவருடைய ஆள் மைதானத்தின் ஓரத்திலிருந்து எடுத்துவந்தது. அவிழ்த்து, சிட்டிகை எடுத்து மோந்தார்.

"இது வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இல்லேம்மா. தொட்டிச் சுண்ணாம்பு. மருந்து போட்டது. முப்பது வருசமா இந்த வாசனையிலதான் சோறு துன்றேன், எனக்குத் தெரியாதா? ஏதோ டேனரியிலேர்ந்துதான் வந்துக்கீது. யாரு தூக்கினு வந்தது?"

பதில் தெரிந்தவள் அந்த வரிசையில் நான் ஒருத்திதான்.

"கேக்கவே வேணாம்" என்றார். "இத அள்ளினவ கை சும்மா இருக்காது. ஒவ்வொருத்தியா கைய நீட்டச் சொல்லுங்க. தெரிஞ்சிப் பூடும்."

துரைசானி அம்மா எழுந்தார். அந்த நொடியில் ஊதல் ஒலித்தது. "அட்டென்ஷன்!" என்று டீச்சரின் குரல். நம் கால்கள் தாமாகவே சேர்ந்தன. "ஸ்டாண்ட் அட் ஈஸ்!" நம் கைகளெல்லாம் பின்னால் போயின. எத்தனை சாயங்காலம் பழகியது, யோசிக்காமலே போயின. பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருக்கையில் நடுவே டிரில் எதற்கு என்று துரைசானி அம்மாவின் முகம் சுருங்கியது. எனக்கும் அப்போது புரியவில்லை. கைதியைக் கட்டுகிற மாதிரி என்னைக் கட்டுகிறார், இனிமேல் பெயரைச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன்.

டீச்சர் வரிசைக்கும் முதலாளிக்கும் நடுவில் வந்து நின்றார். முந்தானைக்குள் இருந்த இரண்டு கையையும் வெளியே எடுத்து நீட்டினார். விரலெல்லாம் சிவந்து தோலுரிந்திருந்தது.

"பிள்ளைங்க கையைப் பாக்க வேண்டாம் ஐயா. இந்தா பாருங்க. சுண்ணாம்பு என் பொறுப்பு. எங்கருந்து வந்ததுன்னு விசாரிக்காம கோடு போட வச்சது நான். காலுல ஒண்ணும் போடாம ஓட வச்சதும் நான்."

"யாரு குடுத்தா உங்களுக்கு?"

"அதை நான் சொல்லமாட்டேன்."

முதலாளி அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி நம் வரிசையைப் பார்த்தார். கை பின்னால் கட்டிய வரிசை. என்மேல் கண் நின்றதா, தாண்டிப் போனதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. "என் பொண்ண உங்கள நம்பித்தான்மா அனுப்பிச்சேன்" என்றார். திரும்பி நடந்தார். டீச்சர் அங்கே அழுதார். அதற்கு முன் அவர் அழுது நாம் பார்த்ததில்லை.

அன்று நீங்கள் கேட்டது இதுதான். கேட்டதை வைத்து "அசட்டை" என்று எழுதினீர்கள். உங்கள்மேல் தப்பில்லை. டீச்சர் அங்கே சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டார். அந்த ஒரு விஷயம் நான்.

மாதம் முடிவதற்குள் அவரைப் போகச் சொன்னார்கள். தட்டியைப் பிரித்து விடுதி அடுப்புக்கு எரித்தார்கள். பந்து பிறகு எங்கே போனது என்று தெரியாது. டீச்சர் போவதற்கு முதல் நாள்தான் அந்தப் படம் எடுத்தது. முன்வரிசையில் டீச்சருக்குப் பக்கத்தில் ஒரு இடத்தைக் காலியாக விடச் சொன்னார். "அவ வரல்லேன்னாலும் அவ இடம் இருக்கட்டும்" என்றார். படம் பிடிக்க வந்தவர், ஃபிரேம் கெட்டுப்போகிறது என்று முணுமுணுத்தார்.

வீட்டில் நைனாவுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. விசாரணை அன்று சாயங்காலம் டேனரியில் கதை கேட்டுவிட்டு வந்தவர், கஞ்சிக் கலயத்தை எடுத்து உள்ளே தடவிப் பார்த்தார். கொல்லையில் போட்டு உடைத்தார். சாப்பிடும்போது என் விரலைப் பார்த்தார்.

"டீச்சருதான் கைய மறைக்கச் சொன்னாங்களா?"

"ஆமா நைனா."

அப்போது சொன்னபிறகுதான், ஊதல் எதற்காக ஒலித்தது என்பது எனக்கே உறைத்தது. நைனா என்னை அடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் போயி மொதலாளிகிட்ட சொல்லிட்றேன்" என்று இரண்டு தடவை எழுந்தார். இரண்டு தடவையும் அம்மாவையும் தம்பிகளையும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவரைக் கோழை என்று நான் மனசுக்குள் சில வருஷம் திட்டினேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்தபிறகு நிறுத்திக்கொண்டேன்.

டீச்சர் ரயிலேறிய காலையில் நைனா வேலைக்குப் போகாமல் என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தார். தகரப் பெட்டியைப் போர்ட்டர் எடுக்கப் போனபோது தடுத்து, தானே தலையில் ஏற்றிக்கொண்டார். ரயிலில் ஏற்றி வைத்துவிட்டு, வெடித்த கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றார். டீச்சர்தான் பேசினார்.

"உங்க மகளுக்குக் கணக்குதான் கொஞ்சம் கொறவு. மத்ததெல்லாம் நல்லா படிப்பா. நிறுத்திராதீங்க."

"நிறுத்தமாட்டேம்மா" என்றார் நைனா.

"கை ஆறிட்டா பிள்ளே?" என்று என்னிடம் கேட்டார். தலையை ஆட்டினேன். அவர் கை ஆறிவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டிருக்கலாம். ரயில் போனதும் நைனா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

நைனா வாக்கைக் காப்பாற்றினார். நான் படித்தேன். டீச்சராகவும் ஆகி முப்பது வருஷம் வேலை பார்த்தேன். நம் டீச்சரிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, நானும் போடவில்லை. விலாசம் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன். விசாரித்தால் கிடைத்திருக்கும்.

இனி உங்களில் ஒருத்திக்கு மட்டும் சொல்லவேண்டியது. தோஸ்த், இந்த மலர் வாணியம்பாடியில் உன் வீட்டுக்கும் வரும், உன் பேரப்பிள்ளைகள் உனக்குப் படித்துக் காட்டுவார்கள். டீச்சர் போன அடுத்த வருஷம், உன் கல்யாணத்துக்கு முன்னால் உன்னைப் பார்க்க வந்தேன். நீ காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். மாமியார் வீட்டில் காலைப் பார்த்து இன்னா சொல்வார்களோ என்று பயந்தாய். "டீச்சர நெனச்சாத்தான் பேஜாரா கீது தோஸ்த். அவங்க ஒரு வார்த்த விசாரிச்சிருந்தா நான் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிருப்பேன். அவங்கள மட்டும் மன்னிக்கவே மாட்டேன்" என்றாய். உன் கை என் கைமேல் இருந்தது. விரல் நுனியில் புதுத் தோல் வளர்ந்து வழுவழுப்பாக இருந்ததை நீ கவனிக்கவில்லை. நான் சரி என்று தலையாட்டினேன். ஷர்பத் குடித்தேன். வீட்டுக்கு வந்தேன்.

முதலாளி முன்னால் வாய் திறக்காதது குழந்தைப் பயம். அதை நான் எனக்கு மன்னித்துக்கொண்டுவிட்டேன். உன் முன்னால் வாய் திறக்காததை என்னால் மன்னிக்க முடியவில்லை. டீச்சர் உயிரோடு இருக்க வழியில்லை. அவர்மேல் நீ வைத்திருக்கும் கோபத்தை இறக்கி வை தோஸ்த். அதற்கு உரியவள் நான் இன்னும் இருக்கிறேன்.

மற்றவர்களே, இப்போது படத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாரும் கையை முன்னால் கட்டியிருக்கிறீர்கள். கையைக் காட்டாதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் முன்வரிசை நடுவில், காலி இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டீச்சர். மடியில் பந்தை வைத்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டிருந்தோம். பந்துக்கு அடியில் உற்றுப் பாருங்கள். துணிக் கட்டின் நுனி ஒன்று வெள்ளையாகத் தெரியும்.

அசட்டை என்ற அந்த வரியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தை வெறுமையாக விடாமல், படத்துக்குக் கீழே பெயர்களைப் போடும்போது இதையும் சேர்த்துப் போடுங்கள்: சுண்ணாம்பு கொண்டுவந்தவள், பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவள்.